வாசலில் தொங்கிய பைன் கொத்து

மடத்துச் சரிவில் இருந்த பழைய திராட்சைத் தோட்டத்தைத் திங்கட்கிழமை பிடுங்கிவிடுவது என்று மடத்துத் தலைவர் ஆல்ட்மான் சாமி முடிவு செய்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு வகைக் கொடிகள் கலந்து நிற்கும் தோட்டம் அது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்து ஒன்றாகவே பிழிவார்கள். நிலவறைப் பொறுப்பாளர் வால்புர்காவுக்கு அந்தக் கலப்பு ஒயின் என்றால் உயிர். சாமிக்கோ ஒரே கேள்விதான்.

"அத யாரும்மா குடிக்கிறா?"

யாரும் கேட்டு வரவில்லை என்பது உண்மை. அந்த உண்மை அவளுக்கு நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

சனிக்கிழமை காலை சாமி கிரெம்ஸ் நகரத்துக்குப் பேருந்து ஏறினார். பெரிய நிலவறையின் சாவியும் அவர் பையிலேயே போய்விட்டது.

மறுநாள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்குகிறது. வாசல் பொறுப்பில் இருந்த பிரதர் விகில் டைரோல் மலைக்காரர். மாட்டையும் பாலாடைக்கட்டியையும் கண்டவரே தவிரத் திராட்சையைக் கண்டவரில்லை. பாவம், அழகாக இருக்கட்டும் என்று பைன் கிளைகளைக் கொத்தாகக் கட்டி, கழியில் மாட்டி, வாசலுக்கு மேலே நீட்டி வைத்தார். இந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஒயின் திறந்தாயிற்று, உள்ளே வாருங்கள்.

மூன்று மணிக்கு முற்றத்தில் முப்பது பேர். முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவர் டிராக்டர்காரர் ஷாகிங்கர். திங்கட்கிழமை கொடிகளைப் பிடுங்க வரவேண்டியவரே அவர்தான்.

"பிரதர், என்ன காரியம் பண்ணிட்டீங்க?" என்றாள் வால்புர்கா.

"கழட்டிடட்டுமாம்மா?" விகிலுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கொத்தப் பாத்து வந்தவங்கள வெறும் வாயோட அனுப்பினா இந்த ஊர்ல தலை நிமிந்து நடக்க முடியாது. ரொட்டிய அறுங்க."

பூட்டாத சின்ன அறையில் இருந்தது கலப்பு ஒயின் மட்டும்தான். அதையே ஊற்றினாள். ஷாகிங்கர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"ஏம்மா, இத்தன வருஷமா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"நீங்க திங்கக்கிழம பிடுங்கப்போற தோட்டத்துல."

அவர் குவளையைக் கீழே வைத்தார். "எனக்குத் திங்கக்கிழம இடுப்பு வலிம்மா. இப்பவே வலிக்குது."

பக்கத்து மேசை குலுங்கிச் சிரித்தது. வால்புர்காவும் சிரித்தாள், கண்ணும் கலங்கியது.

பொழுது சாயும் நேரத்தில் சாமி வந்து சேர்ந்தார். வாசலில் கொத்தைப் பார்த்தார், முற்றத்தில் பாட்டைக் கேட்டார், முகம் சிவந்தது. விகில் குறுக்கே ஓடினார்.

"என் தப்புதான் சாமி. இப்பவே எடுத்துடறேன்."

அதற்குள் யாரோ சாமியின் கையில் ஒரு குவளையைத் திணித்துவிட்டார்கள். நின்றபடியே குடித்தார். பிறகு பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்தார். முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். காலியான குவளைகள்தான் எங்கும் தெரிந்தன.

"பீப்பா காலியா, வால்புர்கா?"

"இன்னொன்னு இருக்கு சாமி."

"அப்புறம் எப்படிக் கொத்த எடுக்கறது? தீர்ற வரைக்கும் தொங்கணும், அதுதானே வழக்கம்."

"அதுவும் தீந்துட்டா?" என்றாள் அவள். "அடுத்த வருஷத்துக்கு எங்க போறது சாமி?"

சாமி ஷாகிங்கர் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கிழம வந்துடுங்க. டிராக்டர் வேண்டாம். நடந்தே வாங்க, குடிச்சிட்டுப் போகலாம்."