கீழ்வயலுக்கு ஒரு வருஷம்

"விலை என்னன்னு சொல்லிட்டு ஊத்து" என்று சொல்லிவிட்டு அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார்.

மகள் மருந்துக் கரண்டியோடு நின்றாள். காலையிலிருந்து இதே கூத்து. தலையணையிலிருந்து தலை எழவில்லை, மூச்சு இழுக்கிறது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அந்த நிலையிலும் மனிதருக்கு வெங்காய விலை தெரிந்தாக வேண்டும்.

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வெங்காயத்துக்கு மேல் வெங்காயமாகப் போட்டுப் போட்டே கீழ்வயலுக்கு அழுகல் நோய் வந்துவிட்டது. போன தடவை பிடுங்கியபோது பாதி கையோடு கொழகொழவென்று வந்தது. ஒரு வருஷமாவது சும்மா போட்டால்தான் மண் தேறும். இல்லாவிட்டால் மேல்வயலுக்கும் தொற்றி, சோற்றுக்கு இருக்கிற இரண்டும் போய்விடும். அப்பாவுக்குத் தெரியாததா? அறுவடை முடிந்ததும், "வர்ற வருஷம் அது ஓய்வெடுக்கட்டும்" என்று அவரேதான் சொல்வார். நடவு நேரத்தில் விலை ஏறும், பேச்சு காற்றோடு போய்விடும். வீடு, வயல், அப்பா என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது அவள்தான். அவள் பேச்சு மட்டும் அந்த வயலில் எடுபட்டதே இல்லை.

இந்த வருஷம் விலை கன்னாபின்னாவென்று ஏறிக்கொண்டிருந்தது. அதனால் துணிந்து புளுகினாள்.

"விழுந்துடுச்சுப்பா. வாங்க ஆளில்லாம சந்தையில கொட்டிட்டுப் போறாங்களாம்."

அப்பா மருந்தை விழுங்கினார். முகம் தெளிந்தது.

"நல்லதாப் போச்சு."

"இதுல என்ன நல்லது?"

"எல்லாரும் பயந்துக்கிட்டுச் சும்மா போட்டுடுவாங்க. நாம நட்டா, சந்தையில நம்ம சரக்கு மட்டும்தான் நிக்கும். கீழ்வயலை உழச் சொல்லு."

கரண்டியை ணங்கென்று வைத்தாள். "விலை ஏறினா?"

"ஏறுறப்ப நடாம விட முடியுமா?"

"அப்ப எப்பதாம்பா சும்மா போடுறது?"

அப்பா உண்மையாகவே யோசித்தார். "ஏறாம, இறங்காம, விலை ஒரே இடத்துல நிக்கணும்."

"எப்பவாவது நின்னிருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"நீங்க போனப்புறம் நான் சும்மாதான் போடப்போறேன், சொல்லிட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "அதனாலதானே அவசரப்படுறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவள் பாத்திரம் கழுவப் போனாள். மாலையில் விளக்குப் போட வந்தபோது அவர் மூச்சு நின்றிருந்தது.

மறுநாள் காலை, கூடத்தில் அப்பாவைக் கிடத்தி, வாசலில் நாற்காலிகள் நிறைந்திருந்த நேரத்தில், கலப்பையைத் தூக்கிக்கொண்டு ஒரு டிராக்டர் தடதடவென்று வந்து நின்றது. கூட்டத்தைப் பார்த்ததும் டிராக்டர்காரர் திருதிருவென்று விழித்தார்.

"யாருக்குக்கா என்ன ஆச்சு?"

சொன்னாள். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"நேத்து மத்தியானம்தான்க்கா போன் பண்ணாரு. மூச்சு வாங்கிச்சு, ஆனா நல்லாத்தான் பேசினாரு."

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரம். போன் அவர் தலையணைக்குப் பக்கத்திலேயேதான் கிடந்தது. "என்ன சொன்னாரு?"

"என் பொண்ணு விலை விழுந்துடுச்சுங்கிறா. அவ பொய் சொல்ற அளவுக்குப் போயிட்டான்னா விலை எங்கேயோ ஏறியிருக்கு. காலையிலயே வந்து கீழ்வயலை உழுதுடுன்னாரு."

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. செத்தும் விடமாட்டேன் என்கிறாரே.

விடியற்காலையில் நகரத்திலிருந்து வந்திருந்த தம்பி பக்கத்தில் வந்தான். "அப்பாவோட கடைசி ஆசைக்கா. உழட்டுமே."

"உழுதப்புறம் யாரு நடுறது? நீயா?"

இவர்கள் சரக்கை வழக்கமாக எடுக்கும் மண்டிக்காரர் நாற்காலியை நகர்த்தினார். "இந்த நேரத்துல பேசக் கூடாதுதாம்மா. இருந்தாலும் சொல்றேன். இன்னிக்கும் ஏறியிருக்கு." குரலைத் தாழ்த்தி விலையைச் சொன்னார்.

தாழ்த்தி என்ன பயன்? வாசல் முழுக்கக் கேட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்தினார்கள். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேரின் மனசு அவரவர் வயலுக்குப் போய்விட்டது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் மனசும்தான் போயிற்று. இந்த விலைக்கு ஒரே ஒரு தடவை, அடுத்த வருஷம் கண்டிப்பாகச் சும்மா போட்டுவிடலாம் என்று உள்ளே ஒரு குரல் எழுந்தது. அது அப்படியே அப்பாவின் குரலாக இருந்தது.

"என்னக்கா, உழவா?"

"வேணாம். போயிட்டு வாங்க."

"விலை..."

"ஏறட்டும்."

பாதை குறுகல். வாசலுக்கு எதிரே இருக்கும் கீழ்வயலுக்குள் இறங்கித்தான் வண்டியைத் திருப்ப முடியும். டிராக்டர்காரர் கலப்பையை இறக்காமலே ஒரு வட்டம் அடித்து வெளியேறினார். சக்கரம் அமுக்கிய களைச்செடிகள் சில மெல்ல நிமிர்ந்தன. வாசலில் இருந்த ஆண்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

தூக்குவதற்கு நேரமாகிவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவள் உள்ளே போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். போர்வையைச் சரிசெய்தாள். பிறகு குனிந்து, அவர் காதில் அன்றைய விலையைச் சொன்னாள். ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல்.