மஞ்சள் பென்சில்

"அம்மா, இந்தா உன் பென்சில். மெழுகு மாதிரி வழுக்குது. டீச்சர் திட்டறாங்க."

மகள் மேசையில் போட்ட மஞ்சள் பென்சிலை அவள் சட்டென்று எடுத்துப் பார்த்தாள். ஹெலிகாப்டர் எஞ்சின் பட்டறையில், எஞ்சினுக்குள் சுழலும் பிளேடுகளைச் சோதித்துக் குறி போட அவளுக்கென்றே கொடுத்திருந்த, கரி கலக்காத பென்சில் அது.

"எப்படீ உங்கிட்ட வந்துச்சு?"

"திங்கக்கிழமை பையில மாறிப் போச்சுபோல."

இன்று வியாழன். அட பாவி மகளே! நான்கு நாளாகப் பட்டறையில் அவள் மகளின் பள்ளிக்கூடப் பென்சிலால் பிளேடுகளில் வட்டம் போட்டிருக்கிறாள். இரண்டும் மஞ்சள், இரண்டும் கறுப்பாகத்தான் எழுதும். தடிக் கையுறை போட்ட கைக்கு என்ன தெரியும்? துடைத்துத்தான் அனுப்பினாள். ஆனால் துடைத்தாலும் மிஞ்சும் பள்ளிப் பென்சிலின் கரித்தூள் இருக்கிறதே, பொல்லாதது. எஞ்சின் சூடாவதற்குள் மருந்து போட்டுக் கழுவினால் போயிற்று. சூடு பட்டுவிட்டாலோ, பிளேடின் மேலுள்ள பீங்கான் பூச்சின் பொடித் துளைகள் வழியே இறங்கி உள்ளிருக்கும் உலோகத்தைக் கெடுத்துவிடும். அப்புறம் பிளேடு எந்த நிமிஷம் உடையும் என்று எவனாலும் சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தலையில் அடித்துச் சொன்ன பாடம் அது.

அவள் குறி போட்ட பிளேடுகள் மாட்டிய புது எஞ்சினை நான்கு மணிக்கு ஓட்டிப் பார்ப்பது அவளுடைய தம்பிதான். கடிகாரத்தில் மூன்றே முக்கால். அவன் வேலை நேரத்தில் போனைத் தொடமாட்டான். அவள் வாசலைக்கூடச் சாத்தாமல் பட்டறைக்கு ஓடினாள்.

"ஓட்டாதேடா! நிறுத்து!"

"என்னக்கா, செருப்புகூட இல்லாம ஓடி வர்றே?"

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். அவன் முகம் மாறியது. பிறகு அவள் தோளைத் தொட்டான். "நல்லவேளை, இன்னும் சூடு பண்ணல. பிரிச்சுக் கழுவிடலாம். அழாதேக்கா."

"என் வேலை போனாப் போகட்டும்டா," என்று தரையில் உட்கார்ந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "திங்கக்கிழமை நான் அனுப்பின பிளேடுங்க எங்கே?"

தம்பி பதிவேட்டைப் புரட்டினான்.

"டேய், சொல்லுடா!"

"அந்த எஞ்சினை முந்தாநாளே ஓட்டி முடிச்சு ஹெலிகாப்டர்ல மாட்டியாச்சு. எண்ணெய்க் கிணத்து ஆளுங்க பன்னெண்டு பேரை ஏத்திக்கிட்டு இப்பதான் கிளம்புச்சு. கடலுக்கு மேல இருக்கும்."

சுவரைப் பிடித்து எழுந்து, விமானத் தளத்துக்குப் போகும் போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு முறை தவறான பொத்தானை அழுத்தினாள்.

"யார் பேசறது?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"பிளேடுல பென்சிலால எழுதினவ. அவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க. தயவுசெஞ்சு, உடனே கூப்பிடுங்க."