மழைச் சங்கு

தேர்த் திருவிழா முடிந்து பந்தல்கூட இன்னும் பிரிக்கப்படவில்லை. மத்தியானத்திலிருந்து மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மாரியம்மன் கோவிலின் சாமான் அறையில் உட்கார்ந்து, நிறுத்தி வைத்திருந்த மழைச் சங்கை மறுபடி ஓடவிடக் கட்டளை தட்டினாள் சுலக்ஷனா. அந்தப் பெயரில் இங்கே எதுவும் இல்லை என்றது கணினி.

எழுத்துப் பிழையாக இருக்கும் என்று மீண்டும் தட்டினாள். அதே பதில்தான்.

திம்புள்ளப் பக்கத்திலுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான கீழ் லயம் ஒரு செங்குத்துச் சரிவின் அடியில் இருக்கிறது. மேலே மண் ஊறினால் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. அதற்காகவே மலை உச்சியில் ஒரு மழைமானி வைத்திருந்தார்கள். காலையிலிருந்து விழுந்த மழையை அதுவே கூட்டி வைத்துக் கோவிலுக்கு அனுப்பும். சாமான் அறையிலுள்ள கையகலக் கணினியில் ஓடும் நிரல் அதைப் பார்த்து, அளவு மீறினால் கோவில் ஒலிபெருக்கியில் சங்கு ஊதும். கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் சுலக்ஷனா அமைத்துக் கொடுத்தது அது. கீழ் லயத்தில்தான் அவளுடைய அக்கா நாகலெட்சுமி கைக்குழந்தையோடு இருந்தாள்.

நிரலை அவள் டொக்கர் கொள்கலனில் போட்டிருந்தாள். கொள்கலன் சோத்துப் பார்சல் மாதிரி. சோறு, கறி, சம்பல் எல்லாம் ஒரே கட்டுக்குள் இருப்பதால் எங்கே பிரித்தாலும் அதே சாப்பாடுதான். நிரலையும் அதற்கு வேண்டியவற்றையும் அப்படிச் சேர்த்துக் கட்டினால் எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி ஓடும். கட்டுவதற்கு மூல அச்சு ஒன்று உண்டு. அச்சு இருந்தால், கொள்கலன் தொலைந்தாலும் உடனே இன்னொன்று எடுத்துவிடலாம்.

அச்சுகளைக் காட்டச் சொன்னாள். ஒன்றுகூட வரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பழுதில்லை என்று காட்டச் சங்கு தினமும் மாலையில் ஒரு தடவை ஊதும். அது சாயங்காலப் பூசைக்கு நடுவே வருகிறது, திருவிழா முடியும்வரை நிறுத்தி வை என்று கோவில் தலைவர் பழனியாண்டி கேட்டிருந்தார். அவளும் நிரலையே நிறுத்தி வைத்தாள். ஆனால் அந்தச் சின்னக் கணினியில் இடம் போதாதென்று வாராவாரம் கூட்டித் துடைக்க ஒரு துப்புரவு நிரலையும் அவளே எழுதி வைத்திருந்தாள். ஓடுகிறவற்றை அது தொடாது. நின்றுபோன கொள்கலன்களையும் யாரும் பயன்படுத்தாத அச்சுகளையும் குப்பையாக எண்ணி அழித்துவிடும். வேண்டாமென்று நிற்பது எது, ஓய்வுக்கு நிற்பது எது என்று அதற்குத் தெரியாது.

இணையத்திலிருந்து அச்சை இறக்கப் பார்த்தாள். மழையில் சிக்னல் நூலாக ஓடியது, ஒன்றும் இறங்கவில்லை.

நனைந்த குடையோடு பழனியாண்டி வாசலில் வந்து நின்றார். மைக்கில் சொல்லி கீழ் லயத்தில் எல்லாரையும் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிடலாமா என்று கேட்டாள். அவர் தயங்கினார். போன வருசம் யாரோ பயந்து சொல்லப்போய் சனம் மொத்தமும் ஏறி, ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்து அவரைத்தான் ஏசியது.

"இந்த மலையில மழைன்னு சொன்னா எவன் எந்திரிப்பான், புள்ள? எவ்வளவுன்னு சொல்லு, நான் கத்துறேன்."

எவ்வளவு என்பது அந்த நிரலுக்குத்தான் தெரியும்.

சட்டென்று தேயிலைத் தொழிற்சாலை ஞாபகம் வந்தது. சங்கை முதலில் அங்கேதான், இதே மாதிரிச் சின்னக் கணினியில், ஓட்டிப் பார்த்தாள். அங்கே துப்புரவு நிரல் வைக்கவில்லை, அந்த அச்சு அப்படியே கிடக்கும். தொழிற்சாலைக்கும் கோவிலுக்கும் நடுவே இணையம் தேவைப்படாத வைஃபை இணைப்பு ஒன்றும் இருந்தது. தொழிற்சாலைக் கணக்கப்பிள்ளை யோகேஸ்வரனுக்கு ஃபோன் போட்டாள்.

"மேசைக்கு அடியில தூசி புடிச்சுக் கெடக்கே, அதுவா? நேத்துதான் தூக்கிப் போடலாம்னு பாத்தேன்."

"போட்டுறாதீங்கண்ணே. கரண்ட மட்டும் குடுங்க."

விளக்கு எரிகிறது என்று அவர் சொன்னதும் ஒரே வரியில் கட்டளை எழுதினாள். தொலைவிலுள்ள கணினி அச்சை 'சேவ்' செய்யும். அது கோப்பாக எங்கும் இறங்காமல், குழாயில் வரும் தண்ணீர் போல நேராக இங்கே பாயும். இந்தப் பக்கம் 'லோட்' அதை வாங்கிக்கொள்ளும். அழகான வரிதான். ஆனால் பாதி வந்ததா, முழுதும் வந்ததா என்று அது வாயே திறக்காது. திரையில் ஒளிப்புள்ளி மட்டும் துடித்தது. மின்விளக்கு ஒருமுறை மங்கியது. பழனியாண்டி கணினியைப் பார்க்காமல் சாமி இருக்கும் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அச்சு ஏறியது என்று ஒரு வரி வந்தது.

மழை அளவின் எல்லையையும் தொலைபேசி எண்களையும் அவள் கொள்கலனுக்கு வெளியே தனி உறையில் வைத்திருந்ததால் துப்புரவு அவற்றைத் தொடவில்லை. அந்த உறையைச் சேர்த்துக் கொள்கலனை ஓடவிட்டாள். மலை உச்சியின் கணக்கு வந்து விழுந்தது. அளவு எப்போதோ மீறியிருந்தது. அவள் வாய் திறப்பதற்குள் கூரைமேல் சங்கு அலறியது. பழனியாண்டி மைக்கை எடுத்து, ஒவ்வொரு வீட்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

கடைசியாக ஏறியது நாகலெட்சுமி. குழந்தையைத் துணியில் சுற்றியிருந்தாள். எல்லாரும் பள்ளிக்கூடத்தில் கால் துடைத்துக்கொண்டிருக்கும்போது கீழே மரம் முறிவது போல ஒரு சத்தம். மண் இறங்கி, லயத்தின் பின்பக்க அறைகளை மூடியிருந்தது. அறைகளுக்குள் ஆள் இல்லை.

பள்ளிக்கூட வாங்குப் பலகையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து சுலக்ஷனா துப்புரவு நிரலைத் திருத்தினாள். 'வைத்திரு' என்று சீட்டு ஒட்டியதை, நின்றாலும் ஓடினாலும் தொடாதே. அச்சின் பிரதி ஒன்றைத் தனியாகவும் வைத்தாள். பழனியாண்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடுத்த திருவிழாவில் சங்கை நிறுத்தாமல் சத்தத்தை மட்டும் குறைக்கலாம் என்றாள். அவர் வேண்டாமென்று தலையாட்டினார்.

"ஊதட்டும் புள்ள. பூசைய நாங்க கொஞ்சம் தள்ளி வச்சிக்கிறோம்."