ஊற்றாத நீர்

மேற்கே வெள்ளியங்கிரி மலைத்தொடர் நீலம் மங்கிக் கருக்கத் தொடங்க, பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்த ஆனிமாதக் காற்று சோளத்தட்டைகளைச் சாய்த்தும் பனைமட்டைகளை உலுக்கியும் செம்மண் புழுதியை வாரி இறைத்தும் கிழக்கு நோக்கி ஓட, போத்தனூர்ச் சந்திப்பில் நின்று இளைப்பாறும் புகைவண்டிகளின் கரும்புகை அக்காற்றோடு கலந்து ஊரெங்கும் நிலக்கரி மணக்கும் மாலை வேளை அது. தண்டவாளங்களுக்குத் தெற்கே, ஓட்டுக்கூரையும் ஒற்றை மணிக்கூண்டும் உடைய சிறு கத்தோலிக்கக் கோவில் ஒன்று, பங்குமக்கள் கூடித் தம் கையால் கட்டியது, பொழுதடையும் வானத்தைப் பார்த்து நின்றது. அதன் பின்புறம் கல்லறைத் தோட்டம். தோட்டத்தைச் சுற்றி இடுப்பளவு மண்மதில். மதிலுக்கு உள்ளே குருவானவர் மந்திரித்த நிலம். வெளியே வெள்வேல் முளைத்த வெறும் நிலம். அறிவுசால் படிப்பாளரே, ஒருவர் எளிதில் தாண்டிவிடக்கூடிய அந்த மதிலைத்தான் இக்கதையின் மாந்தர் இருவராலும் இறுதிவரை தாண்ட இயலாமற் போயிற்று.

அக்கோவிலின் உபதேசியார் இன்னாசிமுத்து. நாடு விடுதலை பெற்ற புதிதில் அவர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மறுமையைப் பற்றி அவருக்கு ஐயமென்பதே கிடையாது. சூலூருக்கு வழி கேட்டவனுக்குச் சொல்வது போல, வானுலகு இங்கே, பாவக்கறை துலக்கும் நெருப்பு அங்கே, மீளா நரகு அதற்கும் கீழே என்று விரல் நீட்டிச் சொல்லிவிடுவார். வானுலகில் பசியில்லை, பிணியில்லை, கண்ணீரில்லை. இறைவன் திருமுகத்தை நேர்நின்று காண்பதே அங்குள்ளோர்க்கு உணவும் உறக்கமும் என்பார். திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் மழலையர்க்கென ஓரிடம் உண்டு. அங்கே நெருப்பில்லை, நோவில்லை, ஆயினும் அத்திருமுகத்தை அவர்கள் ஒருநாளும் காணமாட்டார்கள் என்றும் குரல் தழுதழுக்காமல் கற்பிப்பார். ஆதலால், குழந்தை பிழைக்காது என்று தோன்றினால் குருவானவர் வரும்வரை காத்திராமல், எவரேனும் முறைப்படி நெற்றியில் நீர் ஊற்றிவிடலாம், அது திருமுழுக்காகச் செல்லும் என்று அவ்வூர் மருத்துவச்சி மாசாணியம்மாளுக்கும், அவள் மாரியம்மனைக் கும்பிடுபவள் என்றும் பாராமல், சொற்களைச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார். அவள் அதைப் பிழையின்றிக் கற்றிருந்தாள்.

அவருக்கும் மனைவி சலேத்தம்மாளுக்கும் நெடுங்காலம் பிள்ளையில்லை. தனக்கே வாய்க்காதவன் ஊரார் பிள்ளைகளுக்கு மறைபோதிக்கிறான் என்று ஊர் சிரித்தது; அச்சிரிப்பு அவர் நெஞ்சில் தைத்துக் கிடந்தது. பின்னர் ஒரு சனிக்கிழமை விடியலில் ஆண்குழந்தை பிறந்தது. பிறந்தது என்றேனே, வந்து எட்டிப் பார்த்தது என்பதே பொருந்தும். அழுகை அவ்வளவு மெலிந்திருந்தது. தாயோ குருதி வடிந்து நினைவிழந்து கிடந்தாள். மாசாணியம்மாள் குழந்தையின் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துவிட்டு வாயிலுக்கு வந்தாள்.

“ஏனுங்க உபதேசியாரே, மூச்சு நிக்கறதும் வாறதுமா இருக்குதுங்க. நீங்க சொல்லிக்குடுத்தாப்புல தண்ணி ஊத்திப்போடட்டுங்களா?”

ஊற்றச் சொல்லியிருக்கலாம். ஒரு கையளவு நீர், ஒரு வரிச் சொல், அவ்வளவே. ஆனால் திருமுழுக்கு ஒருவர்க்கு ஒருமுறைதான். வீட்டில் ஊற்றினால் கோவிலில் மறுபடி ஊற்றமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாததா? மறுநாள் ஞாயிறு. மணி ஒலிக்க, சிரித்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்க, தம் மகன் தலையில் குருவானவர் நீர் வார்ப்பதைக் காண அவர் உள்ளம் துடித்தது. “வேண்டாமுங்க. ஒண்ணும் ஆகாது. நாளைக்குக் கோயில்ல வெச்சு ஆகட்டும்” என்று சொல்லிவிட்டு, குருவானவரிடம் சொல்லிவர நடந்தார். அவர் திரும்புமுன் குழந்தை அடங்கிவிட்டது. வேண்டாம் என்று சொல்லப்பட்டவள், ஊற்றாமலே கைகட்டி நின்றாள்.

குருவானவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “தண்ணீர் ஊற்றியாயிற்றா?” ஆம் என்றிருந்தால் மதிலுக்குள் இடம் கிடைத்திருக்கும். மாசாணியம்மாளும் வாய்திறந்திருக்க மாட்டாள். ஆனால் இன்னாசிமுத்து வாழ்நாளில் பொய்யுரைத்தவர் அல்லர். “இல்லீங்க சாமி” என்றார். மணியும் பாட்டும் இல்லாமல், பெயரும் இல்லாமல், அக்குழந்தை வெள்வேல் அடியில் புதைக்கப்பட்டது.

நினைவு மீண்ட சலேத்தம்மாள் கேட்டாள், அறிந்தாள், அழுதாள். பின்னர் அழுகையையும் விட்டாள். கணவருக்குச் சோறு போட்டாள், கோவிலுக்கும் போனாள், வானுலகைப் பற்றிய பாட்டு வரும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டாள். ஆண்டுகள் சில இவ்வாறு கழிய, என்புருக்கி நோய் அவளைப் பற்றியது. பாய்க்கும் அவளுக்கும் வேறுபாடு தெரியாத அளவுக்கு உடல் வற்றியபின், குருவானவர் இறுதி எண்ணெயோடும் நற்கருணையோடும் வந்து தலைமாட்டில் நின்றார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“எனக்கு வேண்டாமுங்க சாமி. எம் பையன் இல்லாத மோட்சத்துல நான் போயி என்ன பண்றதுங்க?”

குருவானவர் எடுத்துரைத்தார், இரந்தார். பயனின்றி முற்றத்தில் போய் நின்றார். இன்னாசிமுத்து பாயருகே மண்டியிட்டார்.

“அம்மணி, இதைத் தள்ளுனா நீ அவங்கிட்டயும் போக முடியாது. அந்த எடம் பச்சைக் கொழந்தைங்களுக்குத்தான். தெரிஞ்சே தள்ளுனவங்களுக்கு நரகந்தான்.”

“வெந்தா வேகறனுங்க. அவனை உட்டுப்போட்டுச் சந்தோசமா இருக்க என்னால ஆகாதுங்க.”

தாம் ஊட்டிய பாடமே தம் மனைவியை நரகின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பதை அவர் கண்டார். அவள் மூச்சு குறைந்துகொண்டிருந்தது. வாழ்நாளில் சொல்லாத ஒன்றை அவர் சொன்னார்.

“நான் ஊத்துனேன், அம்மணி. மாசாணியம்மா அடுப்படியில சுடுதண்ணி காயவெச்சுட்டு இருந்தா. நீ நெனப்பில்லாமக் கெடந்தே. நாந்தான் ஊத்துனேன். அவன் மோட்சத்துலதான் இருக்கறான்.”

சலேத்தம்மாள் மெல்லத் திரும்பினாள். குழிவிழுந்த கண்கள் அவர்மேல் நிலைத்தன.

“அப்பறம் சாமிகிட்ட எதுக்குங்க இல்லைன்னீங்க?”

அதற்கும் ஒரு பொய் வேண்டியிருந்தது. “சொன்ன வார்த்தை முறைப்படி இருந்துச்சான்னு ஒரு சந்தேகம். உபதேசியாரே தப்பாச் சொல்லிப்போட்டாருன்னு பேரு வந்துருமோன்னு பயந்துட்டேன். பின்னால ரோசிச்சுப் பாத்தேன், சரியாத்தான் சொன்னேன்.”

“உங்க பேருக்காகவா எம் பையனைக் காட்டுல போட்டீங்க? இத்தனை வருசம் நான் உருகுனதைப் பாத்துட்டே இருந்தீங்களாங்க?”

அவர் தலைகுனிந்தார். அந்தப் பழியில் பாதி மெய். அவள் முகத்திலோ, சினத்துக்கு அடியில், பல்லாண்டு காணாத ஒளி பரவியது.

“சாமியக் கூப்புடுங்க. எம் பையங்கிட்டப் போறனுங்க. நீங்க வெளிய இருங்க. இனி உங்க மூஞ்சியப் பாக்க மாட்டனுங்க.”

அவர் வெளியே இருந்தார். உள்ளே எண்ணெய் பூசப்பட்டது, நற்கருணை அளிக்கப்பட்டது, மகனுக்கு இடவென வைத்திருந்த பெயரை இருமுறை சொல்லி அழைத்து, புன்னகையோடு அவள் உயிர் நீத்தாள் என்று குருவானவர் வந்து சொன்னார். மதிலுக்குள், மந்திரித்த நிலத்தில், மணியொலிக்க அவளை அடக்கம் செய்தார்கள்.

அன்று மாலைதான் அந்த எண்ணம் அவரைப் பிடித்தது. அவள் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாள். சேர்ந்தவுடன் தேடியிருப்பாள். ஒளிவெள்ளத்தில் கூடிநிற்கும் மழலையர் கூட்டத்தினிடையே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போயிருப்பாள். அங்கே கண்ணீர் இல்லை என்று கற்பித்தவர் அவர்தாம். அங்ஙனமாயின் அவள் மகனை மறந்துபோனாளோ? மறவாதிருந்தால் அழாமல் இருப்பது எவ்வாறு? இரண்டில் எதுவாயினும் அதை அவரால் பொறுக்க இயலவில்லை.

அடுத்த கிழமை பாவ அறிக்கைத்தொட்டியில் மண்டியிட்டு, பொய்யைச் சொன்னதாக ஒப்புக்கொண்டார்.

“இதற்காக மனஸ்தாபப்படுகிறாயா?” என்று குருவானவர் கேட்டார்.

“அவகிட்டச் சொன்னதுக்கு இல்லீங்க, சாமி. மறுபடியும் அந்த வேளை வந்தா மறுபடியும் சொல்லுவனுங்க.”

மனம் வருந்தாதவனுக்கு மன்னிப்பு இல்லை என்பதும் அவர் கற்பித்த பாடமே. குருவானவர் பெருமூச்செறிந்து, மன்னிப்பளிக்க உயர்த்திய கையைத் தாழ்த்திக்கொள்ள, இன்னாசிமுத்து எழுந்து வந்தார். அதன்பின் உபதேசியார் வேலையை விட்டார். நற்கருணைக்கு மற்றவர்கள் முன்னே செல்ல, கடைசித் தூணருகே தனித்து நின்று முதுமை எய்தினார். அங்கே நின்று அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்பதை எவரும் அறியார். உமக்கு மட்டும் சொல்வேன், படிப்பாளரே. தமக்கு வானுலகு வேண்டுமென அவர் கேட்டதில்லை. இத்தனை ஆண்டுகள் ஊராருக்குத் தாம் கற்பித்ததெல்லாம் பொய்யாகிப் போகவேண்டும், அவளிடம் தாம் சொன்ன அந்த ஒரு பொய் மட்டும் மெய்யாக வேண்டும் என்று, தாம் கற்பித்த அதே இறைவனை, சாகும்வரை மன்றாடிக்கொண்டிருந்தார்.