அடுத்த மாடியின் பட்டன் ரோஜா

மகள் சப்ரினைக் கீழக்கரையில் கட்டிக் கொடுத்த பிறகுதான் சுபைதா பட்டன் ரோஜா வளர்க்க ஆரம்பித்தாள். கணவர் ஷார்ஜாவில். காரைக்குடி வீட்டில் அவள் மட்டும். நர்சரியில் வாங்கிய ஒரே செடி, குச்சி வெட்டி வெட்டி நட்டதில் மொட்டை மாடி முழுக்கத் தொட்டிகளாகப் பெருகிவிட்டது. முழங்கால் உயரத்தைத் தாண்டாத செடிகள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்புப் பூக்கள்.

பக்கத்து வீட்டு ஈஸ்வரி பழக்கமானதும் அதனால்தான். இரண்டு வீட்டு மாடிகளுக்கும் நடுவே ஒரு சந்து. துணி காயப்போட வந்தவள் பூவைப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு செடி கிடைக்குமா என்று கேட்டாள். நன்றாக வேர்விட்ட ஒன்றைச் சுபைதா தொட்டியோடு கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அதன்பிறகு தினமும் காலையில் இருவரும் அவரவர் மாடிச் சுவரோரம் நின்றார்கள். இலை வெளுத்தால் அடியில் செம்பேன் பூச்சி இருக்கும், தண்ணீரைப் பீய்ச்சி அடி என்பாள் சுபைதா. பேச்சு செடியில் தொடங்கி ஈஸ்வரியின் மாமியாருக்குப் போகும், மகனின் கணக்குப் பரீட்சைக்குப் போகும். சுபைதா நேரத்தோடு உலை வைத்துவிட்டு மேலே வர ஆரம்பித்தாள்.

சித்திரையில் ஈஸ்வரியின் கணவருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. சாமான் லாரி தெருவில் நிற்கும்போதுதான் அவள் ஓடிவந்து சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்டு, "போன் பண்றேன்க்கா" என்றாள். அவ்வளவுதான் நேரம் இருந்தது.

மறுநாள் சுபைதா மாடிக்குப் போனபோது, காலியான அந்த மாடியின் மூலையில் அவள் கொடுத்த ரோஜாத் தொட்டி நின்றுகொண்டிருந்தது. உடனே ஈஸ்வரியை அழைத்தாள்.

"அய்யோ, மறந்தே போயிட்டேன்க்கா. சரி, போனாப் போகுது விடுங்க."

பின்னால் யாரோ கூப்பிட, அப்புறம் பேசுவதாகச் சொல்லி ஈஸ்வரி வைத்துவிட்டாள். அப்புறம் அழைப்பு வரவில்லை.

சுபைதாவால் விட முடியவில்லை. ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திச் சந்துக்கு மேலே தண்ணீரைப் பீய்ச்சினாள். பாதி தரையில் விழுந்தது, பாதி தொட்டியில். கத்திரி வெயிலில் கிளைகள் காய்ந்துகொண்டே வந்தன. ஆனாலும் அடித்தண்டு பச்சையாக இருந்தது. தினமும் அடித்தாள்.

அந்த வீட்டின் சொந்தக்காரர் சேவுகப்பெருமாள் ஒருநாள் யாருக்கோ வீட்டைக் காட்ட வந்தவர், மாடியேறி இதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, பூட்டிக் கெடக்குற வீட்டுக்கா தண்ணி அடிக்கிறீக?"

தளம் ஊறிவிடும் என்று திட்டுவாரோ எனப் பயந்து அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் தொட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, அவள் வாசலில் வந்து வைத்தார். இனி இவ்வளவு சிரமப்பட வேண்டாம் என்றார்.

சுபைதா நன்றி சொன்னாள். ஆனால் செடியை மாடிக்குக் கொண்டுபோய் மற்றவற்றோடு வைத்ததும் என்னவோ போலிருந்தது. இனி அந்தச் சுவரோரம் போய் நிற்க அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. ஹோஸைச் சுருட்டி வைத்துவிட்டு வெகுநேரம் டேங்க் நிழலில் உட்கார்ந்திருந்தாள். அன்று சமைக்கவில்லை.

அடுத்த நாள் காய்ந்த கிளைகளையெல்லாம் பச்சை தெரியும்வரை வெட்டிவிட்டு, மண்ணைக் கிளறித் தொழு உரம் போட்டாள். மழை இரண்டு தடவை தலைகாட்டியதும் செம்பு நிறத்தில் துளிர் வந்தது. ஆடி மாதம் பூத்தது. போட்டோ எடுத்து ஈஸ்வரிக்கு அனுப்பினாள். மாலையில் ஒரு கைகூப்பும் பொம்மை வந்தது.

அதற்குள் அடுத்த வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு துணி காயப்போட வந்தாள். சுபைதா சுவரருகே போய் நின்றாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து லேசாகச் சிரித்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

வெயில் சுள்ளென்று ஏறும்வரை சுபைதா அங்கேயே நின்றிருந்தாள்.