ஏழு வண்டிகளின் கூரை

'சக்கர வீடு' என்ற வாட்ஸ்அப் குழுவில் நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வேனையோ சின்ன பஸ்ஸையோ வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கிக்கொண்டவர்கள் பாதிப்பேர். அப்படிச் செய்யவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருப்பவர்கள் மீதிப்பேர். கேள்வி யாருடையதாக இருந்தாலும் பதில் பெரும்பாலும் தர்மேந்திரனிடமிருந்துதான் வரும்.

அவர் செங் என்ற ஊரின் தொழிற்பேட்டையில் இருபத்தொன்பது வருடம் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மாதமே ஒரு பழைய வேனை வாங்கி, எட்டு மாதத்தில் தன் கையாலேயே அதை வீடாக்கினார். கொசுவலையின் ஓரத்தில் காந்தத் துண்டுகளை வைத்துத் தைத்தால் கதவில் தானாக ஒட்டிக்கொள்ளும்; கடற்கரையில் நிறுத்தும்போது வண்டியின் மூக்கைக் கடல் பக்கம் வைத்தால் பின்னால் சமைக்கிற அடுப்பு காற்றில் அணையாது; தட்டு அடுக்கும் அலமாரியில் ரப்பர் விரிப்பு போட்டால் வளைவில் எதுவும் உருளாது. இதெல்லாம் அவர் சொன்னவை. சொன்னபடி செய்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே நடந்தது. அதனால் 'தர்மா அண்ணன் சொல்லிட்டார்' என்றால் குழுவில் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன், பிப்ரவரியில், அவர் வண்டிக் கூரையில் சதுரமாக வெட்டி ஒரு காற்றாடி பொருத்தினார். சமைக்கிற வெக்கை மேலே போய்விடும். அதைப் பொருத்தத் தனியாக ஒரு நாடா வேண்டும், மாவு மாதிரி பிசுபிசுவென்று ஒட்டுவது. ஆர்டர் செய்தால் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அவர் காத்திருக்கவில்லை. குளியலறைக்குப் பூசும் சிலிகான் கம்மை வைத்து ஒட்டினார். நாலாம் நாள் பதினான்கு படங்களோடு குழுவில் போட்டார். 'நாடாவெல்லாம் தேவையில்லை, சிலிகானே போதும்' என்று ஐந்தாவது படத்துக்குக் கீழே எழுதியிருந்தார். அதைப் பார்த்து ஆறு பேர் தங்கள் வண்டியிலும் அதேமாதிரி பொருத்திக்கொண்டார்கள்.

போன நவம்பரில் குழுவைச் சேர்ந்த ஒன்பது வண்டிகள் பெங்காலான் பாலாக் கடற்கரையில் கூடின. சனிக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் விடவில்லை. எல்லாரும் ஆளுக்கொரு வண்டிக்குள் உட்கார்ந்து சன்னல் வழியே கத்திப் பேசிக்கொண்டார்கள். தர்மேந்திரன் ஒருவருக்கு பேட்டரி ஒயரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சுசீலா, படுக்கையை மடிக்கலாம் என்று மெத்தையின் ஓரத்தைத் தூக்கியவள், கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, மெத்த நனஞ்சிருக்கு."

"வேர்வை. சன்னல் மூடியிருந்தா உள்ள ஆவி பிடிக்கும்."

"ஆவி இல்லங்க. பிழிஞ்சா தண்ணி வருது."

அவர் வந்து பார்த்தார். பின்சன்னலுக்கு மேலே, கூரைப் பலகை சுவரோடு சேரும் இடத்தில், ஒரு சொட்டு திரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் அவர் வண்டியை எப்போதும் தகரக் கொட்டகைக்குக் கீழேதான் நிறுத்துவார். இவ்வளவு மழையில் அது நின்றது அன்றுதான் முதல் தடவை.

"சன்னல் ரப்பர்" என்றார் தர்மேந்திரன்.

மழை விட்டதும் ஹனிபா வந்தார். தெங்கேராவில் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர். நாற்பத்தைந்து வயது. அதிகம் பேசாதவர். குழுவிலும் படிப்பாரே தவிர எழுதமாட்டார். அவர் சன்னல் ரப்பரை விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார்.

"ரப்பர் நல்லாத்தாண்ணே இருக்கு. பைப்புல தண்ணி பிடிச்சுப் பாத்துருவோமா? கீழேர்ந்து மேல போவோம். மேலேர்ந்து ஆரம்பிச்சா எங்க உள்ள போகுதுன்னு தெரியாது."

முகாம் குழாயில் ரப்பர் பைப்பை மாட்டினார்கள். தர்மேந்திரன் கைவிளக்கோடு உள்ளே படுத்துக்கொண்டார். ஹனிபா ஏணியில் நின்றார். இருவருக்கும் கேட்கும்படி சுசீலா வாசலில் நின்றாள்.

முதலில் பின்விளக்குகள். பத்து நிமிடம். ஒன்றும் இல்லை. அப்புறம் சன்னலைச் சுற்றி. அதற்கும் பத்து நிமிடம்.

"என்ன?" என்றார் ஹனிபா.

"காஞ்சு கெடக்குதாம்" என்றாள் சுசீலா.

ஹனிபா ஒரு படி ஏறினார். காற்றாடியைச் சுற்றித் தண்ணீரை மெதுவாக விட்டார். நாலு நிமிடம் ஆகியிருக்கும். சுசீலா எட்டிப் பார்த்தாள். சன்னலுக்கு மேலே சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அவர் விளக்கை அதன்மேல் பிடித்தபடி அசையாமல் படுத்திருந்தார்.

"நிறுத்துங்க தம்பி" என்றாள் அவள். "வந்துருச்சு."

தர்மேந்திரன் கூரைப் பலகையைக் கழற்றினார். மேல்பக்கம் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. தண்ணீர் காற்றாடியின் ஓரத்தில் இறங்கி, பலகைக்கு மேலேயே இரண்டு முழத் தூரம் ஓடி, சன்னல் பக்கம் வந்து வெளியேறியிருக்கிறது. பிறகு அவரே ஏணியில் ஏறி, கம்மின் ஒரு முனையை நகத்தால் நெம்பினார். அது நீளமாக, முழுசாக, எதையும் பிடிக்காமல் உரிந்து வந்தது. அடியில் பெயின்ட் போய்த் துரு தெரிந்தது.

"அண்ணே, இது எங்க கடையில வாங்குனதுதான்" என்றார் ஹனிபா. "இன்னும் மூணு பேரு எங்கிட்டதான் வாங்குனாங்க. வண்டிக்கூரைக்குன்னு சொல்லித்தான் கேட்டாங்க. இது பாத்ரூமுக்குள்ளது, இரும்புல நிக்காதுன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க குரூப்புல எழுதியிருந்தீங்களே. உங்களவிட நான் என்னத்த கண்டேன்னு இருந்துட்டேன்."

மற்ற வண்டிக்காரர்கள் வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் படம் எடுக்கப் போனைத் தூக்கினார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் சுசீலாதான் பேசினாள். "போன வருஷம் மஸ்ஜித் தானாவுல இருக்குற குஞ்சம்மாக்கா குரூப்புல கேட்டாங்கள்ல? சன்னல் பக்கம் ஒழுகுதுன்னு."

"கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவருக்கு நினைவிருந்தது. 'ரப்பர் போயிருக்கும் அக்கா, மாத்திடுங்க' என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவர் குழுவுக்கு எழுத உட்கார்ந்தார். முதலில் எழுதியது நீளமாக இருந்தது. கூரைத் தகட்டின் மேடு பள்ளம், வெயிலில் இரும்பு விரிவது, நாடா கிடைக்காதது எல்லாம் அதில் இருந்தன. சுசீலாவிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு, "இதுல தப்பு யாரோடதுன்னு தேட வேண்டியிருக்கு" என்றாள். அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

'இரண்டு வருடத்துக்கு முன் கூரைக் காற்றாடிக்கு சிலிகான் போதும் என்று சொன்னேன். அது தவறு. என் வண்டி ஒழுகுகிறது. பார்த்துப் பொருத்திய ஆறு பேரும் தயவுசெய்து கூரைப் பலகையைக் கழற்றிப் பாருங்கள். ஒழுகல் காற்றாடிக்குக் கீழே தெரியாது, பின்சன்னல் பக்கம் தெரியும். நாடாவுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன், இரண்டு வாரத்தில் வரும். நானே வந்து சரிசெய்து தருகிறேன்.'

கும்பிடும் கைகள் நிறைய வந்தன. 'பரவால்லண்ணே', 'எல்லாருக்கும் நடக்கிறதுதான் லா' என்று எழுதினார்கள். ஆறு பேரில் ஒருவரான தினேஷ்வரன் எதுவும் எழுதாமல் குழுவிலிருந்து விலகினார்.

நாடா வந்து தன் வண்டியைச் சரிசெய்த பிறகு, குஞ்சம்மாதான் முதல். அறுபத்தாறு வயது. மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். மஸ்ஜித் தானாவில் உறவுக்காரப் பெண்ணின் தையல்கடைக்குப் பின்னால் வேனை நிறுத்தி அதிலேயே குடியிருந்தார். பின்சன்னலுக்கு மேலே ஒரு ஐஸ்கிரீம் டப்பா கம்பியில் கட்டித் தொங்கியது. பாதி தண்ணீர் இருந்தது.

"ரெண்டு வாட்டி ரப்பர மாத்திட்டேன் தம்பி" என்றார். "ரெண்டாவது வாட்டி மாத்த வந்தவன், அக்கா இது நல்லாத்தான் இருக்கு, வேற எங்கயோ ஒழுகுதுன்னான். நாந்தான் கேக்கல. தர்மா சொல்லிட்டாரு, நீ மாத்துடான்னு சண்ட போட்டேன்."

தர்மேந்திரன் ஏணியைச் சாய்த்துவிட்டு, "நான் அன்னைக்கே வந்து பாத்திருக்கணும்க்கா" என்றார்.

"பாத்திருக்கணும்தான்" என்றார் குஞ்சம்மா. அவர் குரலில் கோபம் இல்லை, சமாதானமும் இல்லை. சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நீ ஏறாத. எங்க என்ன செய்யணும்னு சொல்லு. நான் ஏறுறேன்."

"வேணாங்க்கா, வழுக்கும்."

"ஏணியப் பிடி."

தர்மேந்திரன் பிடித்துக்கொண்டார். குஞ்சம்மா மேலேறி, சொல்லச் சொல்லப் பழைய கம்மைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, நாடாவை நாலு பக்கமும் மூலை விடாமல் ஒட்டினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை, இந்த நாடாவின் பெயர் என்ன, எங்கே கிடைக்கும் என்று கேட்டுத் தன் போனில் குறித்துக்கொண்டார். கீழே இறங்கியதும் அவரே பைப்பைத் திறந்து கூரைமேல் தண்ணீர் விட்டார். ஒழுகவில்லை. டப்பாவை அவர் அவிழ்க்கவில்லை.

"அது இருக்கட்டும்" என்றார். "ரெண்டு மழ பாத்துட்டு எடுக்குறேன்."

சிரம்பானில் இரண்டு வண்டிகள். இரண்டிலும் ஈரம் தொடங்கியிருந்தது, பலகை கெடவில்லை. மூவாரில் யுவனேஸ்வரன் வண்டியின் கூரை தட்டையானது. கம் இன்னும் பிடித்திருந்தது. அவர் எதையும் பிரிக்க விடவில்லை. "ஒழுகுனா கூப்புடுறேண்ணே" என்று மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

தினேஷ்வரன் அலோர் காஜாவில் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். ஓய்வு நாளுக்கென்று தனியாக ஒரு வேனை வீடாக்கி வைத்திருந்தார். மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் போனை எடுத்தார். "வாங்க" என்று மட்டும் சொன்னார். ஹனிபாவும் கூடப் போனார்.

அந்த வண்டிதான் எல்லாவற்றிலும் மோசம். காற்றாடியின் மோட்டார் எரிந்துபோயிருந்தது. கூரைத் தகடு இரண்டு பக்கமும் துருவில் அரித்துப் போயிருந்தது. அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். தர்மேந்திரனும் ஹனிபாவும் மூன்று நாள் போய் வந்தார்கள். தினேஷ்வரன் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள், தகட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"ஒண்ணு கேக்குறேன். குரூப்புல போட்டீங்களே, அதுக்கு முன்னாடி மழையில ஒருதரம் நிறுத்திப் பாத்தீங்களா?"

"இல்ல."

"பைப்பாவது பிடிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல தம்பி. அப்பதான் நாலு நாளு ஆயிருந்துச்சு."

"அதையாவது எழுதியிருக்கலாம்ல? மாட்டி நாலு நாள்தான் ஆகுது, மழ பாக்கலைன்னு. நான் கொஞ்ச நாள் பொறுத்திருப்பேன்ல?"

தர்மேந்திரன் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி நின்றார். "ஆமா" என்றார். வேலை முடிந்ததும் தினேஷ்வரன் ஹனிபாவின் கையைக் குலுக்கினார். தர்மேந்திரனுக்குத் தலையை மட்டும் அசைத்தார். குழுவுக்கு அவர் திரும்ப வரவில்லை.

மிச்சம் ஒரு வண்டி. அதன் சொந்தக்காரர் போன வருடமே விற்றுவிட்டார். "வித்தாச்சு, இனி நமக்கென்ன லா" என்றார். தர்மேந்திரன் விடவில்லை. வாங்கியவர் திரங்கானுவில் இருக்கும் ஒரு மலாய்க்காரர் என்று தெரிந்து, எண்ணைக் கேட்டு வாங்கினார். சுசீலா மலாயில் எழுதிக் கொடுத்தாள். எங்கே கழற்ற வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று அவரே படம் வரைந்து அனுப்பினார். வாட்ஸ்அப்பில் ஒற்றைக் கோடுதான் விழுந்தது, செய்தி போய்ச் சேரவில்லை. பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி அனுப்பினார்.

பதினோராம் நாள் அந்த மனிதரே கூப்பிட்டார். கடலில் இருந்தாராம், மீன்பிடிப் படகு வேலை. ஒழுகலைப் போன மழைக்காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டதாகவும், காற்றாடியைப் பிடுங்கி எறிந்து ஓட்டையைத் தகட்டால் அடைத்துவிட்டதாகவும் சொன்னார். படகில் ஓட்டை அடைக்கிற மாதிரிதானே என்றார். பிறகு, யார் அந்தக் காற்றாடியை மாட்டியது என்று கேட்டார்.

"நான் மாட்டல. ஆனா எப்படி மாட்டணும்னு நான்தான் சொன்னேன்" என்றார் தர்மேந்திரன், மலாயில்.

அந்த மனிதர் சிரித்தார். வெக்கையாகத்தான் இருக்கிறது, ஆனால் நனையாமல் தூங்குகிறோம் என்றார். அந்தப் பக்கம் வந்தால் பார்க்கும்படி சொல்லிவிட்டு வைத்தார்.

தர்மேந்திரன் போனை மேசைமேல் வைத்தார். சுசீலா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"அடைச்சிட்டாராம்."

"அப்ப முடிஞ்சுதா?"

"மூவாரு இருக்கு" என்றார். "யுவனேஸ்வரன் வண்டி. அது இன்னும் ஒழுகல."

அவள் கடைசிச் சட்டையை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். அவர் எழுந்து, மிச்சமிருந்த நாடாச் சுருளை எடுத்துத் தூசி படாமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அலமாரியில் கைக்கு எட்டுகிற தட்டில் வைத்தார்.