உறைக்குள் ஊறிய ஈரம்

குளிர்பதனக் கிடங்கின் இயந்திர அறையில், ஏணி உச்சியில் நின்ற மெக்கானிக்குக் காலையிலிருந்து மூன்றாவது முறையாக நெஞ்சு இறுகியது. ஏணியைப் பிடித்திருந்த மைத்துனன் பார்த்துவிட்டான்.

"மாமா, இறங்குங்க. நேத்து ஸ்கேன் பார்த்த டாக்டர் உடனே அட்மிட் ஆகச் சொன்னாங்கல்ல?"

"இதயத்தைச் சுத்திக் கொழுப்பாம். உங்க அக்கா போட்ட சோறு, பத்திரமா போர்த்தி வச்சிருக்குடா!"

"வெறும் போர்வையில்ல மாமா. எடை கூடக் கூட அந்தக் கொழுப்பு வீங்கி, புண்ணாகி ஏதேதோ சுரக்குதாம். பக்கத்துல இருக்கிற ரத்தக்குழாயை வெளியிலிருந்தே கெடுக்குதாம்."

"எனக்குப் பிரஷர் சரியாத்தானே இருக்கு" என்றபடி, குழாயைச் சுற்றியிருந்த நுரை உறையைக் கத்தியால் கீறினார். குழாயின் குளிரைக் காக்கும் உறை அது. வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே ஈரம் ஊறிச் சொதசொதத்தது. அந்த ஈரம் அரித்த இரும்பு, விரல் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. பக்கத்து அழுத்தமானியோ இன்னமும் எல்லாம் சரி என்றே காட்டிக்கொண்டிருந்தது.

இருபது வருஷமாக எத்தனை உறைகளைப் பிரித்திருப்பார்! காக்கும் உறையே கெட்டால் குழாய் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெஞ்சு மறுபடி இறுகியது. இம்முறை வலி இடது தோளுக்கு ஏறியது.

"மச்சான், அந்த வால்வை மூடு."

"மூடிட்டேன் மாமா."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு. நாலு பேரா வரச் சொல்லு. நான் கனம்."

மைத்துனன் ஒரு கையால் போனை எடுத்தான், மறுகையால், இறங்கத் தொடங்கிய அவர் காலைப் பிடித்துக் கீழ்ப்படியில் வைத்தான்.

"ரெண்டு பேர் போதும் மாமா. அந்த நாலு பேருக்கு இப்ப அவசரமில்ல."